மர்ரோவின் அரைமணி நேரம்

1953 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு விளம்பரம் வந்தது. மைலோ ராடுலோவிச் என்ற விமானப்படை லெப்டினன்ட்டின் வழக்கு அன்றிரவு சி.பி.எஸ். தொலைக்காட்சியின் ‘சீ இட் நவ்’ நிகழ்ச்சியில் இடம்பெறும் என்று அது சொன்னது. விளம்பரத்தில் சி.பி.எஸ். என்றாலே நினைவுக்கு வரும் அந்தக் கண் சின்னம் இல்லை. அதற்கான 1,500 டாலரைக் கொடுக்க நிறுவனம் மறுத்துவிட்டதால், நிகழ்ச்சியை நடத்திய எட்வர்ட் ஆர். மர்ரோவும் அதைத் தயாரித்த ஃப்ரெட் ஃப்ரெண்ட்லியும் சொந்தப் பணத்தைப் போட்டு அதை வெளியிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து, 1954 மார்ச் 9 அன்று, செனட்டர் ஜோசப் மெக்கார்த்தியைப் பற்றிய நிகழ்ச்சிக்கும் இதேதான் நடந்தது. விளம்பரத்தின் அடியில் அவர்கள் இருவரின் பெயர் மட்டும் இருந்தது.

மர்ரோ என்றால் பலருக்கும் அந்த மார்ச் இரவுதான் தெரியும். பலரைக் கம்யூனிஸ்ட் என்று குற்றம் சாட்டி நாட்டையே அச்சத்தில் வைத்திருந்த ஒரு செனட்டரை ஒற்றைச் செய்தியாளர் எதிர்த்து நின்ற இரவு. அந்தத் துணிச்சலில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அந்த 1,500 டாலர் விளம்பரமே நல்ல வாசல் என்று நினைக்கிறேன். நாளிதழில் ஒரு செய்தி கூடுதலாக வந்தால் ஒரு பக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான். அதைக் கூட்ட முடியாது, விற்கத்தான் முடியும். அங்கே வேலை பார்க்கும் செய்தியாளர் பேசும் ஒவ்வொரு நிமிடமும் வேறு யாரோ வாங்கியிருக்கக்கூடிய நிமிடம். மர்ரோவின் ஏற்றமும் இறக்கமும் இந்தக் கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன.

அவர் பிறந்தது 1908 ஏப்ரல் 25 அன்று, வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோவுக்கு அருகே போல்கேட் கிரீக் என்ற இடத்தில். பெற்றோர் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த ஏழை விவசாயிகள். மூன்று மகன்களில் இவர் கடைக்குட்டி. வைத்த பெயர் எக்பர்ட் ராஸ்கோ. ஆறு வயதளவில் குடும்பம் நாட்டின் மறுகோடிக்கு, வாஷிங்டன் மாநிலத்தின் பிளான்சார்ட் என்ற சிற்றூருக்குப் போனது. அப்பா மரம் ஏற்றிச் செல்லும் ரயிலில் எஞ்சின் ஓட்டினார். மகனும் விடுமுறைக் காலங்களில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்தார். அந்த முரட்டு ஆட்களுக்கு நடுவே எக்பர்ட் என்ற பெயர் எடுபடவில்லை. கல்லூரிக் காலத்தில் அது எட்வர்ட் ஆனது.

புல்மன் நகரில் இருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் அவர் படித்தது பேச்சுக்கலை. அங்கேதான் ஐடா லூ ஆண்டர்சனைச் சந்தித்தார். சிறு வயதில் போலியோ தாக்கி முதுகு வளைந்துபோன, உடல் மெலிந்த ஆசிரியை அவர். ஒரு சொல்லின் எடை அது சொல்லப்படும் இடத்தில் இருக்கிறது, எங்கே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது என்பதை மர்ரோ அவரிடம் கற்றார். பின்னாளில் லண்டனிலிருந்து மர்ரோ பேசியபோது, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் அந்த ஆசிரியை வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். கேட்டதைப் பற்றித் தன் மாணவருக்கு எழுதினார். “இது லண்டன்” என்ற தொடக்க வாக்கியத்தில் ‘இது’ என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கணம் நிறுத்தச் சொன்னதும் அவர்தான். உலகப் புகழ்பெற்ற அந்த நிறுத்தம் ஒரு ஆசிரியை கடிதத்தில் சொல்லிக் கொடுத்த பாடம். 1941-இல் அவர் இறந்துபோனார். மர்ரோவைப் பற்றி எழுதுபவர்கள் இவருக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்கு எப்போதும் குறையாகவே படும்.

கல்லூரி முடித்தபின் மாணவர் அமைப்பு ஒன்றின் தலைவராக இருந்தார். 1932 முதல் சர்வதேசக் கல்வி நிறுவனத்தில் உதவி இயக்குநர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களை அமெரிக்காவுக்கு அழைத்துவர ஒரு குழு அமைந்தது. அதன் அன்றாட வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்தவர்களில் மர்ரோவும் ஒருவர். தத்துவ அறிஞர் பால் டில்லிக் போன்றவர்கள் அப்படி வந்தவர்கள்தான். நாஜிகள் என்ன செய்கிறார்கள் என்பதை அவர் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வேலை இழந்து, வீடு இழந்து, உதவி கேட்டு வந்த கடிதங்களில் படித்தார். அந்தக் கடிதங்கள் இல்லாமல் லண்டன் மர்ரோவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1935-இல் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது செய்தியாளர் பதவி அல்ல. உரைகள் பிரிவின் இயக்குநர். அறிஞர்களையும் அரசியல்வாதிகளையும் பேச அழைப்பதுதான் வேலை. அந்த நாளில் அமெரிக்க வானொலியில் செய்தி என்பதே ஒட்டுத்திண்ணையில் உட்கார்ந்திருந்தது. வானொலி தங்கள் விளம்பர வருமானத்தைப் பறித்துவிடும் என்று அஞ்சிய செய்தித்தாள்கள், 1933 இறுதியில் வானொலி நிறுவனங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அதன்படி நாளுக்கு இரண்டே செய்தி அறிக்கைகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், அதுவும் காலை, மாலை நாளிதழ்கள் வெளியான பிறகு. அந்த உடன்பாடு சீக்கிரமே செல்லாக்காசானது. ஆனால் அது விட்டுப்போன பழக்கம் இருந்தது. வானொலி தானாகப் போய்ச் செய்தி சேகரிக்காது, பிறரைப் பேசவைக்கும். 1937-இல் மர்ரோவை லண்டனுக்கு ஐரோப்பிய இயக்குநராக அனுப்பியபோதும் அவர் மைக் முன்னால் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. நாளிதழ் ஒன்றில் ஒருநாள்கூட வேலை பார்த்திராத அவரை, லண்டனில் இருந்த அமெரிக்க நிருபர்கள் தங்கள் சங்கத்தில் சேர்க்க மறுத்தார்கள். சில ஆண்டுகளில் அவரே அந்தச் சங்கத்தின் தலைவரானார்.

பழக்கத்தை உடைத்தது 1938 மார்ச். மர்ரோ அப்போது போலந்தில், குழந்தைகள் பாடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அவர் வேலைக்கு எடுத்திருந்த வில்லியம் ஷைரர் வியன்னாவில் இருந்தார். ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. வியன்னா வானொலி நிலையத்திலிருந்து பேச ஷைரருக்கு அனுமதி கிடைக்கவில்லை. இருவரும் தொலைபேசியில் பேசி ஒரு முடிவெடுத்தார்கள். தணிக்கை இல்லாமல் கண்டதைச் சொல்ல ஷைரர் லண்டனுக்குப் பறக்க வேண்டும். அவர் விட்ட இடத்துக்கு மர்ரோ வர வேண்டும். பெர்லின் வந்த மர்ரோ, அங்கிருந்து வியன்னாவுக்கு வேறு வழி இல்லாததால் 27 பேர் உட்காரும் ஒரு பயணிகள் விமானத்தை 1,000 டாலர் கொடுத்து வாடகைக்கு எடுத்து, தன்னந்தனியாக அதில் போய் இறங்கினார்.

மார்ச் 13 இரவு நியூயார்க் தலைமையகம் ஒரு யோசனை சொன்னது: லண்டன், பாரிஸ், பெர்லின், ரோம், வியன்னா ஆகிய நகரங்களிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் நேரடியாகப் பேசும் அரைமணி நேர நிகழ்ச்சி. கைவசம் சில மணி நேரம்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஐரோப்பிய அலுவலகங்கள் எல்லாம் மூடிக்கிடந்தன. சிற்றலை வழியாகக் குரல் கடலைக் கடக்க வேண்டும். ஒருவர் பேசி முடித்தது அடுத்தவருக்குக் கேட்கும் என்ற உறுதி இல்லை, ஆகவே கடிகாரத்தைப் பார்த்து, குறித்த நொடியில் பேசத் தொடங்கி குறித்த நொடியில் முடிக்க வேண்டும். மர்ரோவும் ஷைரரும் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுக்க ஆட்களைப் பிடித்தார்கள். ரோமிலிருந்து மட்டும் நேரடி இணைப்பு கிடைக்கவில்லை; மற்றபடி நிகழ்ச்சி பிசகில்லாமல் நடந்தது. இன்று நாம் தொலைக்காட்சியில் தினமும் பார்க்கும் “நமது செய்தியாளர் அங்கிருந்து இணைகிறார்” என்ற வடிவம் அன்று பிறந்தது. மர்ரோ என்ற செய்தியாளரும் அன்றுதான் பிறந்தார். அவருக்கு வயது 29.

பிறகு லண்டன். 1940 செப்டம்பர் 7 முதல் ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தின்மேல் இரவுதோறும் குண்டு போட்டன. அமெரிக்கா அப்போது போரில் இல்லை. ஐரோப்பியச் சண்டையில் நமக்கென்ன என்று கேட்பவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். சி.பி.எஸ். நிறுவனத்தின் விதி கண்டிப்பானது. செய்தியாளர் தன் கருத்தைச் சொல்லக் கூடாது, ஒரு பக்கம் சாய்ந்து பேசக் கூடாது. மர்ரோ அந்த விதியை வெளிப்படையாக மீறவில்லை. கண்டதையும் கேட்டதையும் சொன்னார். எதைக் காண்பது, எதைக் கேட்பது என்று தேர்ந்தெடுத்ததில்தான் அவருடைய கருத்து இருந்தது.

அந்த ஆகஸ்டில், பெருங்குண்டுவீச்சு தொடங்கும் முன்பே, ஒரு நேரடி ஒலிபரப்பில் அவர் டிரஃபால்கர் சதுக்கத்தில் நின்றார். அபாயச் சங்கு அலறிக்கொண்டிருந்தது. மக்கள் பதுங்குமிடம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மர்ரோ குனிந்து மைக்கைத் தரையருகே பிடித்தார். அமெரிக்க வீடுகளில் கேட்டது காலடி ஓசை, ஓடாத கால்களின் ஓசை. லண்டன்காரர்கள் பயப்படவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது வெறும் அபிப்பிராயமாகப் போயிருக்கும். இன்னொரு நாள் குண்டு விழுந்து ஆளரவம் இல்லாத தெருவில் நடந்ததைச் சொல்கிறார். எங்கோ ‘சொட், சொட்’ என்று ஒரு சத்தம். இடிந்த கடைக்குள் இரண்டு டப்பாக்களைச் சிதறிய கண்ணாடித் துண்டுகள் துளைத்திருந்தன. உள்ளே இருந்த பீச் பழச்சாறு தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தெருவில் வேறு ஒலியே இல்லை. எத்தனை டன் குண்டு விழுந்தது என்ற புள்ளிவிவரத்தை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அந்தச் சொட்டு ஓசையை மறக்க முடியாது.

அவர் தன் உரைகளை உட்கார்ந்து எழுதுவதைவிட, வாய்விட்டுச் சொல்லி உதவியாளரை எழுதிக்கொள்ள வைத்தார். கண்ணுக்காக எழுதிய வாக்கியம் காதில் விழும்போது தடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். குட்டை வாக்கியங்கள், நிகழ்காலம், அடைமொழிகள் குறைவு. கூரைமேல் நின்று விமானத் தாக்குதலை நேரடியாக வர்ணிக்க அனுமதி கேட்டபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் தயங்கினார்கள். எழுதிய உரை இல்லையென்றால் தணிக்கை அதிகாரி எதை வெட்டுவார்? எதிரிக்குப் பயன்படும் ஒரு சொல் வாய்தவறி வந்துவிட்டால்? சோதனைப் பதிவுகள் செய்து காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. ஒலிப்பதிவு செய்ததை ஒலிபரப்பக் கூடாது என்று அமெரிக்க வானொலி நிறுவனங்கள் அப்போது பிடிவாதமாக இருந்ததால் எல்லாமே நேரலை. நியூயார்க்கில் இரவுச் சாப்பாட்டு நேரம் என்றால் லண்டனில் நள்ளிரவைத் தாண்டியிருக்கும். இருட்டடிப்பு செய்யப்பட்ட தெருக்களில், குண்டுகளுக்கு நடுவே, அவர் பி.பி.சி. கட்டடத்தின் நிலத்தடி அறைக்குப் போக வேண்டும். 1940 அக்டோபர் 15 இரவு அந்தக் கட்டடத்தின் மீதே குண்டு விழுந்து பி.பி.சி. ஊழியர்கள் ஏழு பேர் இறந்தார்கள். “குட் நைட், அண்ட் குட் லக்” என்ற அவருடைய முடிப்பு வாக்கியம் இந்த இரவுகளில் வந்தது. மறுநாள் காலை சந்திப்போமா என்று தெரியாத லண்டன் மக்கள் பிரியும்போது இப்படி வாழ்த்திக்கொள்வது வழக்கமாக இருந்தது.

1941 டிசம்பர் 2 அன்று நியூயார்க்கில் அவருக்கு நடந்த பாராட்டு விருந்தில் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷ் பேசினார். லண்டனை எங்கள் வீடுகளுக்குள் எரித்தீர்கள், அந்தத் தீயை நாங்கள் உணர்ந்தோம் என்ற பொருளில் அவர் சொன்னது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஐந்தே நாளில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கியது. அன்றிரவு மர்ரோ தம்பதி வெள்ளை மாளிகைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அதிபர் ரூஸ்வெல்ட் அவரை உள்ளே அழைத்து, இழப்புகள் எவ்வளவு பெரியவை என்று மனம்விட்டுச் சொன்னார். நூற்றாண்டின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்று கையில் இருந்தது. மர்ரோ அதை ஒலிபரப்பவில்லை. தனிப்பட்ட முறையில் சொல்லப்பட்டது என்று கருதினார். அது சரியா என்று அவரே வாழ்நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறார்.

1943 டிசம்பரில் பெர்லினில் குண்டு போடச் சென்ற பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானம் ஒன்றில் ஏறிப் போனார். அன்று அப்படிப் போன வேறு செய்தியாளர்கள் சிலர் திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் சிறைப்பட்டார். கீழே கண்டதை அவர் ஒழுங்குபடுத்திய ஒரு நரகம் என்று வர்ணித்தார். நண்பர்கள் போடும் குண்டு என்பதற்காக அதன் கோரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று, விடுவிக்கப்பட்ட புகன்வால்ட் வதைமுகாமுக்குள் போனார். கண்டதைச் சொல்ல மூன்று நாள் ஆனது. உள்ளே நுழைந்தபோது கைதிகள் கை தட்டினார்கள் என்கிறார். வலுவே இல்லாத அந்தக் கைதட்டல் குழந்தைகள் கைதட்டுவதுபோல் கேட்டதாம். அங்கேயும் அவருக்கு முதலில் ஒலிதான். கண்டதில் ஒரு பகுதியைத்தான் சொன்னேன், பெரும்பகுதிக்கு என்னிடம் சொற்கள் இல்லை, தயவுசெய்து நம்புங்கள் என்று கேட்பவர்களை வேண்டிக்கொண்டார். அந்தப் பதிவை ஒருமுறை கேட்டேன். குரல் எங்கும் உடையவில்லை. அடக்கிய கோபம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் தெரிகிறது. இரண்டாம் முறை கேட்க எனக்கு மனம் வரவில்லை.

போர் நடந்தபோது அவருக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. நாடே செய்திக்காகக் காத்திருந்தது, நிறுவனத்துக்கும் அது பெருமை. போர் முடிந்ததும் கணக்குப் புத்தகம் திறந்தது. 1946-இல் மர்ரோ சி.பி.எஸ். துணைத்தலைவரானார். அந்த நாற்காலி அவருக்கு ஒத்துவரவில்லை. அதில் இருந்தபோதுதான் ஷைரரோடு முறிவு வந்தது. ஷைரரின் ஞாயிறு நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்துவந்த சவர சோப்பு நிறுவனம் 1947-இல் விலகிக்கொள்ள, நிகழ்ச்சி அவர் கையைவிட்டுப் போனது. தன் அரசியல் கருத்துகளுக்காகத்தான் தன்னை நீக்கினார்கள் என்று ஷைரர் நம்பினார். நிறுவனத்தின் பக்கம் நின்ற மர்ரோவை அவர் மன்னிக்கவேயில்லை. வியன்னா இரவில் தொடங்கிய நட்பு இப்படி ஒரு சோப்பு நிறுவனத்தின் முடிவில் முடிந்தது. அதே ஆண்டு மர்ரோ நிர்வாகப் பதவியை விட்டு மைக்குக்குத் திரும்பினார். 1950-இல் கொரியப் போர்க்களத்திலிருந்து அவர் அனுப்பிய, படைத்தலைமையைக் குறைகூறிய ஓர் அறிக்கையை சி.பி.எஸ். ஒலிபரப்பாமல் நிறுத்திவைத்தது. அந்த டிசம்பரில் ஊழியர்கள் எல்லோரும் தாங்கள் கம்யூனிஸ்ட் அல்ல என்று உறுதிப்பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும் என்று நிறுவனம் கேட்டபோது மர்ரோவும் கையெழுத்திட்டார். நாயகனாக மட்டுமே அவரைப் பார்க்க விரும்புபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப்போய்விடுகிறார்கள். தாண்டக் கூடாது.

தொலைக்காட்சிக்கு அவர் தயக்கத்தோடுதான் வந்தார். படம் வந்தால் சிந்தனை போய்விடும் என்ற பயம். 1951 நவம்பர் 18 அன்று ‘சீ இட் நவ்’ தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையிலேயே உட்கார்ந்துகொண்டு, நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தையும் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தையும் பக்கத்துப் பக்கத்துத் திரைகளில் நேரடியாகக் காட்டினார். இரு பெருங்கடல்களை ஒரே கணத்தில் வீட்டிலிருந்தபடி பார்க்க முடியும் என்பதை அமெரிக்கர்கள் முதன்முதலாகக் கண்டார்கள்.

அந்த நிகழ்ச்சிக்குச் சீக்கிரமே விளம்பரதாரராக வந்தது அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம். மர்ரோவின் 1954-ஐப் புரிந்துகொள்ள இந்தப் பெயர் மிக முக்கியம். அல்கோவா சோப்போ பற்பசையோ விற்கும் நிறுவனம் அல்ல. அதனிடம் மொத்தமாக வாங்குபவர்கள் வேறு தொழிற்சாலைகள். ஒரு நிகழ்ச்சி பிடிக்காமல் கோபப்பட்ட குடும்பத் தலைவி கடையில் அதன் பொருளைத் தவிர்த்துவிடுவாள் என்ற பயம் அதற்கு அவ்வளவாக இல்லை. இன்னொன்றும் உண்டு. 1945-இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை ஏகபோகம் என்று தீர்ப்பளித்திருந்தது. அதனால் கெட்ட பெயரைத் துடைக்க ஒரு கண்ணியமான முகம் அதற்குத் தேவைப்பட்டது. மர்ரோவைவிடக் கண்ணியமான முகம் ஏது? ஆகவே அல்கோவா உள்ளடக்கத்தில் தலையிடவில்லை. அமெரிக்கத் தொலைக்காட்சியின் துணிச்சலான அரைமணி நேரத்துக்கு அடியில் இந்த விசித்திரமான பொருத்தம் இருந்தது.

ராடுலோவிச் வழக்குக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்தின் டெக்ஸ்டர் என்ற ஊரைச் சேர்ந்தவர். விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் வானிலை அதிகாரி. அவர்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. செர்பியாவிலிருந்து குடியேறிய அப்பாவும், சகோதரியும் இடதுசாரித் தொடர்புள்ளவர்கள் என்று சொல்லி, பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என விலக்கப்பட்டார். சாட்சியங்கள் மூடிய உறைக்குள் இருந்தன, அவற்றைத் திறந்து காட்டவேயில்லை. மர்ரோவின் குழு அந்தச் சிறு ஊருக்குப் போய் அண்டை அயலாரையும், அப்பாவையும், சகோதரியையும் பேசவைத்தது. மகனுக்கு நியாயம் கேட்டு அதிபருக்குக் கடிதம் எழுதிய அந்த முதியவரின் முகம் திரையில் வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு விமானப்படைச் செயலரே அதே நிகழ்ச்சியில் தோன்றி, ராடுலோவிச் தொடர்ந்து பணியில் இருப்பார் என்று அறிவித்தார். மெக்கார்த்தி நிகழ்ச்சியைவிட இதுதான் மர்ரோவின் ஆகச் சிறந்த வேலை என்பது என் எண்ணம். பெயர் தெரியாத ஒரு மனிதரின் வழக்கில் ஒரு காலகட்டத்தின் நோய் முழுவதையும் காட்டியது அது.

1954 மார்ச் 9 நிகழ்ச்சி வேறு வகை. 1950-இல் வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் நிறைந்திருப்பதாக ஒரு பட்டியலை ஆட்டிக் காட்டியதிலிருந்து மெக்கார்த்தி ஆதாரமில்லாமல் பலரைக் குற்றம் சாட்டிவந்தார். மர்ரோ குழு அவருடைய பேச்சுப் படச்சுருள்களைப் பல மாதம் சேர்த்தது. அன்றிரவு பெரும்பாலும் மெக்கார்த்தியே பேசினார். அவர் சொன்னதற்குப் பக்கத்தில் உண்மை என்ன என்பதை மர்ரோ வைத்துக்கொண்டே போனார். எதிர்க்கருத்தைத் தேசத்துரோகம் என்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்று முடிவில் நேராகக் கேமராவைப் பார்த்துச் சொன்னார். தொலைபேசிகளும் தந்திகளும் குவிந்தன, பெரும்பாலும் ஆதரவாக. ஏப்ரல் 6 அன்று பதில் சொல்ல மெக்கார்த்திக்கு அதே நேரம் கொடுக்கப்பட்டது. அவர் மர்ரோவைக் கம்யூனிஸ்ட் ஆதரவாளர் என்றார். பழைய கல்வி நிறுவன நாட்களில் மாஸ்கோ கோடைக்காலப் பள்ளி ஒன்றுக்கு ஏற்பாடு செய்ததைத் தோண்டி எடுத்தார். அது அவருக்கே கெட்ட பெயரைச் சேர்த்தது.

மெக்கார்த்தியை வீழ்த்தியது மர்ரோதானா? இல்லை. செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் 1950-லேயே எழுந்து பேசிவிட்டார். கேலிச்சித்திரக்காரர் ஹெர்பிளாக், பத்தி எழுத்தாளர் ட்ரூ பியர்சன் போன்றவர்கள் நான்கு ஆண்டுகளாக அடி வாங்கிக்கொண்டே எழுதினார்கள். ஏப்ரலில் தொடங்கிய, ராணுவத்துக்கும் மெக்கார்த்திக்கும் இடையிலான மோதல் பற்றிய செனட் விசாரணையை ஏ.பி.சி. தொலைக்காட்சி நாள் முழுக்க ஒளிபரப்பியதில்தான் மக்கள் அந்த மனிதரை வாரக்கணக்கில் நேரில் பார்த்தார்கள். டிசம்பர் 2 அன்று செனட் 67-க்கு 22 வாக்கில் அவரைக் கண்டித்தது. மர்ரோ தாமதமாக வந்தார் என்பதை அவரே மறுத்ததில்லை. மெக்கார்த்தியை எதிர்த்த சில விமர்சகர்கள்கூட அன்று கவலைப்பட்டார்கள்: ஒருவரின் மோசமான தருணங்களை மட்டும் தொகுத்துக் காட்டும் இந்தச் சக்தி நாளை வேறு கையில் இருந்தால்? அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் மர்ரோ செய்த வேறொன்று உண்டு. வீட்டுக்குள் உட்கார்ந்து பயந்துகொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு, பயப்படுவது தாங்கள் மட்டும் அல்ல என்று தெரியவைத்தார். அதற்கு அந்தக் குரலும் அந்த அரைமணி நேரமும் தேவைப்பட்டன.

அந்த அரைமணி நேரம் அதன்பிறகு ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் நீடித்தது. 1955 ஏப்ரல் 12 அன்று, போலியோ தடுப்பூசி பயனளிக்கிறது என்று அறிவிக்கப்பட்ட நாளில், மர்ரோ அதைக் கண்டுபிடித்த ஜோனஸ் சால்க்கிடம் காப்புரிமை யாருடையது என்று கேட்டார். மக்களுடையது, சூரியனுக்குக் காப்புரிமை வாங்க முடியுமா என்று சால்க் திருப்பிக் கேட்டார். போலியோவால் முதுகு வளைந்த ஆசிரியையிடம் பேசக் கற்றவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 7 அன்று ‘சீ இட் நவ்’ தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்னால், அதே சி.பி.எஸ்ஸில் ‘64,000 டாலர் கேள்வி’ என்ற புதிர்ப்போட்டி அறிமுகமானது. அழகுசாதன நிறுவனம் ஒன்று அதற்குப் பணம் கொடுத்தது. நாடே அதன் முன்னால் உட்கார்ந்தது. கட்டுப்பாட்டு அறையில் அதைப் பார்த்த மர்ரோ, இனி இந்த நேரம் நம்மிடம் எத்தனை நாள் இருக்கும், பந்தயம் வைக்கலாமா என்று ஃப்ரெண்ட்லியிடம் கேட்டார். புதிர்ப்போட்டிக்கு அடுத்த அரைமணி நேரத்தின் சந்தை மதிப்பு ஏறிவிட்டது. அல்கோவாவும் விலகிக்கொண்டது. வாராந்தர நிகழ்ச்சி எப்போதாவது வரும் சிறப்பு நிகழ்ச்சியாகச் சுருங்கி, 1958 கோடையில் நின்றது. சர்ச்சை எழும்போதெல்லாம் தனக்கு வயிற்றைக் கலக்குகிறது, இனி முடியாது என்று நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி சொன்னதாக ஃப்ரெண்ட்லி பதிவு செய்திருக்கிறார். பேலி கெட்டவர் அல்ல. போர்க்காலத்தில் மர்ரோவின் நண்பர், மெக்கார்த்தி நிகழ்ச்சிக்கு முன் அவரைத் தடுக்காதவர். ஆனால் பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இதே காலத்தில் மர்ரோ ‘பெர்சன் டு பெர்சன்’ என்ற இன்னொரு நிகழ்ச்சியும் நடத்தினார். பிரபலங்களின் வீட்டுக்குள் கேமரா போகும், இவர் நிலையத்தில் சாய்ந்து உட்கார்ந்து குசலம் விசாரிப்பார். மர்லின் மன்றோ வந்தார், இளம் செனட்டர் கென்னடியும் மனைவியும் வந்தார்கள். ‘சீ இட் நவ்’வைவிட இதைப் பார்த்தவர்கள் அதிகம், வருமானமும் அதிகம். 1958 அக்டோபரில் தொடங்கிய ‘ஸ்மால் வேர்ல்ட்’ அவர் மனதுக்கு நெருக்கமான வடிவம். உலகின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவர்களை ஒரே உரையாடலில் இணைப்பது. முதல் நிகழ்ச்சியில் டெல்லியிலிருந்து நேருவும், எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லியும், அமெரிக்க அரசியல்வாதி தாமஸ் டூவியும் பேசிக்கொண்டார்கள்.

அதே அக்டோபரில், 15-ஆம் தேதி, சிகாகோவில் கூடியிருந்த செய்தி இயக்குநர்களின் முன்னால் அவர் ஆற்றிய உரை பிரபலமானது. இந்தக் கருவி கற்பிக்கும், வெளிச்சம் காட்டும், ஊக்கம் தரும், அதற்காக அதை மனிதர்கள் பயன்படுத்தாவிட்டால் ஒரு பெட்டிக்குள் இருக்கும் கம்பிகளும் விளக்குகளும்தான் என்றார். அந்த வரியைத்தான் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். உரையின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்கள் இருபது முப்பது ஒன்று சேர்ந்து, ஒவ்வொன்றும் ஆண்டுக்குத் தன் வழக்கமான நிகழ்ச்சிகளில் ஒன்றிரண்டை விட்டுக்கொடுத்து, அந்த நேரத்தையும் பணத்தையும் செய்திக்குத் தரட்டும் என்று அவர் கேட்டார். உபதேசமாக அல்ல, ஒரு கணக்காகவே அதை வைத்தார். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. தன் முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்லாமல் பேசியதில் பேலிக்கு ஏற்பட்ட காயம் ஆறவுமில்லை.

அவர் பெயரோடு வந்த கடைசிப் பெரிய வேலை ‘ஹார்வெஸ்ட் ஆஃப் ஷேம்’. ஊர் ஊராகப் போய் அறுவடைக்கூலி செய்யும் தொழிலாளர்களின் நிலையைக் காட்டிய ஆவணப்படம். டேவிட் லோ தயாரித்தார். அமெரிக்கக் குடும்பங்கள் நன்றி நவிலும் நாள் விருந்துண்ட மறுநாள், 1960 நவம்பர் 25 அன்று, அதை ஒளிபரப்பினார்கள். உங்கள் தட்டில் இருந்த உணவு எங்கிருந்து வந்தது என்று விருந்து செரிப்பதற்குள் கேட்டது அது.

இரண்டு மாதத்தில் அதிபர் கென்னடியின் அழைப்பை ஏற்று அமெரிக்கத் தகவல் முகமையின் தலைவரானார். அமெரிக்காவின் முகத்தை உலகுக்குக் காட்டும் அரசுத் துறை அது. போன வேகத்தில், அந்த ஆவணப்படத்தை பி.பி.சி. ஒளிபரப்பப் போகிறது என்று தெரிந்ததும், பி.பி.சி. தலைமைக்குத் தொலைபேசியில் பேசி நிறுத்தச் சொன்னார். தன் சொந்தப் படத்தையே. பி.பி.சி. மறுத்து ஒளிபரப்பியது. லண்டனில் குண்டு மழையில் அவருக்கு இடம் கொடுத்த அதே நிறுவனம். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். விளம்பரதாரரை விட்டு வெளியே வந்தவர் அரசிடம் வந்து சேர்ந்தார். அங்கே நேரத்துக்கு வேறு விலை இருந்தது.

நாளுக்கு அறுபது சிகரெட்டுக்கு மேல் புகைத்தவர். திரையில் அவர் விரல்களுக்கு நடுவே எப்போதும் புகை எழுந்துகொண்டிருக்கும். 1955-இல் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி இரண்டு பாகமாக நிகழ்ச்சி செய்தும் பழக்கத்தை விட முடியவில்லை. 1963-இல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பதவி விலகினார். 1965 ஏப்ரல் 27 அன்று, 57 வயது நிறைந்து இரண்டாம் நாள், இறந்தார்.

ஃப்ரெண்ட்லி அப்போது சி.பி.எஸ். செய்திப் பிரிவின் தலைவர். மர்ரோ இறந்து பத்து மாதத்தில், 1966 பிப்ரவரி 10 காலை, வியட்நாம் போரைப் பற்றி செனட் குழு முன்னால் முன்னாள் தூதர் ஜார்ஜ் கென்னன் சாட்சியம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நேரடியாக ஒளிபரப்ப ஃப்ரெண்ட்லி நேரம் கேட்டார். நிறுவனம் அந்த நேரத்தில் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடரின் பழைய பாகம் ஒன்றை மறுஒளிபரப்பு செய்தது. சில நாட்களில் அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்.